விழுந்த இடத்தில் வேகத்தடை

அந்தத் தெருவுக்கு வேகத்தடை வந்ததே டிரைவர் வீட்டுக்காரி அழுததால்தான் என்று இன்றைக்கும் அங்கே சொல்லிக்கொள்வார்கள். சொல்லும்போது குரலில் ஒரு பெருமை ஏறும், என்னவோ கூடவே உட்கார்ந்து அழுதவர்கள் மாதிரி. அழுதவள் இப்போது அந்தத் தெருவில் யார் வீட்டுப் படியும் ஏறுவதில்லை என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

நீளமான ஒல்லித் தெரு. ஒரு முனையில் மெயின் ரோடு, மறுமுனையில் மொத்த வியாபார மார்க்கெட்டின் பின்வாசல். நடுவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் ஆணி அடித்தால் பக்கத்து வீட்டில் மாட்டியிருக்கும் படம் ஆடும். முன்னால் முற்றம், தோட்டம் என்ற பேச்சே கிடையாது. கதவைத் திறந்தால் நடைபாதைக் கல், அதைத் தாண்டினால் தார். மெயின் ரோட்டு சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாத வண்டியெல்லாம் இதற்குள் புகுந்துதான் மார்க்கெட்டுக்குப் போகும், இதற்குள் புகுந்துதான் திரும்பும். பிள்ளைகளைக் கையைப் பிடித்துக்கொண்டுதான் எதிர்வீட்டுக்கே கூட்டிப்போவார்கள்.

டிரைவர் பஸ் ஓட்டுகிறவர். டிப்போவுக்கு மட்டும் சைக்கிளில் போவார். விடியற்காலை முதல் பஸ்ஸை எடுக்கிறவர் அவர். அவருக்கு முன்னால் பஸ் எங்கே இருக்கிறது? ஊரையெல்லாம் கொண்டுபோய் விடுகிறவனைக் கொண்டுபோய் விட ஆளில்லை என்று சிரிப்பார். அப்படி ஒரு விடியலில் தன் வாசலிலேயே சைக்கிளில் ஏறி உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தார். மார்க்கெட்டில் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகப் பறந்து வந்த லாரி அவரை இடித்துத் தள்ளியது. சத்தம் கேட்டு அவள் கதவைத் திறந்தபோது அவர் நிலைப்படியிலிருந்து இரண்டு எட்டு தூரத்தில் கிடந்தார். உயிர் பிழைத்தது. முதுகுத்தண்டு பிழைக்கவில்லை. இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துப்போயிற்று.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில்தான் தெரு விழித்துக்கொண்டது. நகராட்சி ஏற்கெனவே அந்தத் தெருவில் சைக்கிள் பாதை போட ஒரு திட்டம் வைத்திருந்தது. ஒரு ஓரமாகக் கல் பதித்துச் சைக்கிளுக்குத் தனி வழி, வண்டி போகிற தாரை ஒடுக்குவது, வேகத்தடை, நடுநடுவே பூத்தொட்டி. முதலில் கேட்டபோது தெரு ஒரே குரலில் வேண்டாம் என்றிருந்தது. அவரவர் வாசலில் அவரவர் காரை நிறுத்த முடியாதே. டிரைவர் விழுந்த பிறகு அந்தக் குரல் இறங்கியது. மார்க்கெட் பக்க முனைவீட்டில் இருக்கும் கணக்கு டீச்சர்தான் முன்னால் நின்றவர். ஒருத்தருக்கு நடந்தது தெருவுக்கே நடந்த மாதிரி என்று கூட்டத்தில் அவர் பேசியபோது நிறையப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டிரைவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனவரும் அவர்தான். அந்த உதவியைப் பொய் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு அது உண்மைதான்.

இடம் பார்க்க நகராட்சியிலிருந்து இன்ஜினியர் வந்தாள். சின்னப் பெண். கையில் வரைபடம், அளவு நாடா. தெருவே டீ கப்போடு வெளியில் வந்து நின்றது. வரைபடத்தில் வேகத்தடை இருந்தது கிடங்குச் சுவர் ஓரம், வீடுகள் எதுவும் இல்லாத நீளச் சுவர். அங்கே போட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று அந்தப் பெண் விளக்கினாள்.

டிரைவர் மனைவி அதுவரை பேசவில்லை. அவள் ஒரு ஜவுளிக்கடைக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். காதோரம் சொருகியிருந்த, துணியில் கோடு போடுகிற சாக்பீஸை உருவிக்கொண்டு நேரே தன் வாசலுக்கு எதிரே போனாள். குனிந்தாள். தாரின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு கோடு போட்டாள். துணியில் போடுகிற மாதிரியே துளி கோணாமல் இருந்தது.

"இங்கதான் விழுந்தார். இங்கதான் வேணும். இந்த இடத்துல எல்லா வண்டியும் தலையைக் குனிஞ்சுட்டுத்தான் போகணும்."

சொல்லிவிட்டு அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். இன்ஜினியர் பெண் மெதுவாக ஏதோ சொல்லப் பார்த்தாள். வாசலுக்கு அவ்வளவு பக்கத்தில் போட்டால் சத்தம் வரும், அதிரும் என்று. பாதியில் டீச்சர் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அழுகிறவளிடம் அளவு பேசுவதா? அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் உட்பட எல்லோருக்கும் அதுவே சரியென்று பட்டது. வரைபடத்தில் அந்த இடத்திலேயே தடையைத் திருத்திப் போட்டுக்கொண்டு போனாள் அந்தப் பெண்.

டிரைவர் வீடு திரும்பிய நாளில் தடை போட்டு முடிந்திருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, புதுப் பெயிண்ட் வாசனை போகாமல். ஆம்புலன்ஸ் அதன் மேல் ஏறி இறங்கித்தான் வாசலில் நின்றது. ஸ்ட்ரெச்சரில் இறக்கும்போது அவள் அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்ல இடத்துலதான் போட்டிருக்காங்க" என்றார்.

அந்த வார்த்தை அவளுக்கு ரொம்ப நாள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

முன்ரூமில் தெருவைப் பார்த்த ஜன்னல் ஓரம் கட்டிலைப் போட்டார்கள். வீட்டிலேயே காற்று வருகிற அறை அது ஒன்றுதான். பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் துணி மூட்டை போட்டுவைக்கும் இருட்டறை, அவ்வளவுதான் வீடு. தையல் மிஷினைக் கட்டில் கால்மாட்டுக்கு நகர்த்திக்கொண்டாள். அவரைக் குளிப்பாட்டித் துடைத்து, மூத்திரப் பையை மாற்றி, இந்தப் பக்கம் ஒருக்களித்து, கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் ஒருக்களித்து, நடுவில் மடிப்பு அடித்து, கொக்கி தைத்து, ரொட்டியை சூப்பில் முக்கி ஊட்டி நாள் போயிற்று. ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வரும். அதனால் திருப்பிப் போடுவதை மட்டும் தலை போகிற வேலை இருந்தாலும் அவள் தள்ளிப்போடுவதில்லை.

அவருக்கு அந்த ஜன்னல்தான் வேலை. படுத்தபடியே தெருவை ஓட்டினார். சத்தத்தை வைத்து எந்த வண்டி என்று சொல்வார். அவள் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்ல வேண்டும். கிளச்சை இப்படி மிதித்தால் அந்தக் கிளச் யாருக்காகும் என்று முன்பின் தெரியாதவனைத் திட்டுவார். சைக்கிள் பாதைக்குக் கல் பதிக்கிற ஆட்கள் ஜன்னலோரம் நின்று அவரோடு பேசிவிட்டுப் போவார்கள். கால் விளங்காமல் போன மனுஷன் இவ்வளவு சிரிப்பாரா என்று ஆச்சரியப்படுவார்கள்.

காலையில் மார்க்கெட்டுக்குப் போகிற லாரிகள் பாரத்தோடு போகும். அவை தடையில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். தரை ஒரு முறை அழுந்தும், அவ்வளவுதான். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புகிறவைதான் எமன். பின்கதவும் சங்கிலியும் காலிப் பெட்டியும் ஒன்றாக எகிறி விழும். சுவர் அதிரும், ஜன்னல் கண்ணாடி நடுங்கும், கட்டில் நடுங்கும். கட்டில் நடுங்கியதும் டிரைவருடைய கால் உதைத்துக்கொண்டு துள்ளும். தொட்டால் தெரியாத கால், கிள்ளினால் தெரியாத கால், அந்த அதிர்ச்சிக்கு மட்டும் தானாகத் துள்ளும். துள்ளித் துள்ளிக் குதிகால் விரிப்பில் உரசும்.

"பெல் அடிக்காமலே வண்டி கிளம்புது பாரு" என்று முதலில் அதையும் சிரிப்பாக்கினார்.

குதிகாலில் முதலில் சிவந்தது. பிறகு கொப்பளித்தது. பிறகு தோல் வழன்று புண்ணாயிற்று. வலி அவருக்குத் தெரியாது, அதுதான் பயம். வீட்டுக்கு வந்து கட்டு மாற்றுகிற நர்ஸ் புண்ணின் ஆழத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இந்தத் துள்ளல் நிற்காவிட்டால் புண் ஆறாது, எலும்பைத் தொட்டுவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும், சில பேருக்கு உயிருக்கே வந்துவிடும் என்று அடுப்படிக்கு அழைத்துப்போய்ச் சொன்னார்.

அவள் செய்யாதது இல்லை. திரைச்சீலை வெட்டின மிச்சத் துணியில் பஞ்சு அடைத்துக் குதிகாலுக்குத் தொட்டில் மாதிரி தைத்தாள். டிப்போ ஆட்கள் பழைய டயரை அறுத்துக் கொண்டுவந்து கட்டில் காலுக்கு அடியில் வைத்தார்கள். மாத்திரை கொடுத்தால் துள்ளல் குறைந்தது, கூடவே பேச்சும் குறைந்து நாள் முழுக்கத் தூங்கினார். ஒரு நாள் சிவப்புத் திரைத்துணி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் தெருவில் இறங்கி, வருகிற லாரிகளுக்கெல்லாம் ஆட்டினாள். சிலர் நிறுத்தி என்னம்மா என்று கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள். மெதுவாகத்தான் போனார்கள், பாவம். காலி வண்டி மெதுவாகப் போனாலும் தடையில் இடிக்கத்தான் செய்தது. வியர்வையோடு உள்ளே வந்தவளை அவர் பார்த்தார்.

"அவன்க மேல தப்பு இல்ல. காலி வண்டின்னா அப்படித்தான். பஸ்லயும் கடைசி சீட்டு ஆளைத் தூக்கித்தான் போடும்."

"அப்படின்னா உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"முதல் நாளே பார்த்தீங்களே. வாசல்ல இருக்கிறதைப் பார்த்தவுடனே தெரிஞ்சிருக்குமே. ஏன் சொல்லல?"

"நீ அவ்வளவு ஆசையா காட்டினே."

அவள் சிவப்புத் துணியை மடித்து மிஷின் மேல் வைத்தாள். அதற்கப்புறம் அன்றைக்கு ஒரு தையல்கூட ஓடவில்லை. தன் கையாலேயே கோடு கிழித்து அவர் காலைத் தின்னக் கொடுத்துவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலை யார் மேல் கொட்டுவது என்று தெரியவில்லை. கோடு போட்டவள் அவள்தானே.

மறுநாள் கல் பதிக்கிற இடத்தில் இன்ஜினியர் பெண்ணைப் பிடித்தாள். அந்தப் பெண் உள்ளே வந்து புண்ணைப் பார்த்தாள், ஒரு லாரி போகும் வரை நின்று கால் துள்ளுவதையும் பார்த்தாள். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. தடையைப் பெயர்த்துக் கிடங்குச் சுவர் ஓரம் போட்டுவிடலாம், காண்ட்ராக்டர் இன்னும் தெருவில்தான் இருக்கிறார் என்றாள். திறப்பு விழா முடிந்து அவர் தளவாடங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் யாரும் தொட மாட்டார்கள். ஆனால் சிக்கல் வேறு. வாசலில் நிறுத்த முடியாமல் போனவர்களுக்காகக் கிடங்குச் சுவர் ஓரத்தில்தான் கார் நிறுத்தக் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறது. தடை அங்கே போனால் இரண்டு கட்டங்கள் போகும். அந்த இரண்டு பேரும் சரி என்றால் மேலே பேசிக்கொள்வதாகச் சொன்னாள்.

அந்த இரண்டு பேர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் டீச்சரும்.

அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. வேறு யாராவது என்றால் கெஞ்ச வேண்டும். டீச்சரிடம் கேட்கவா வேண்டும்?

கண்ணாடிக் கடைக்காரர் கடையில் யாருக்கோ பிரேமை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு உச்சுக்கொட்டினார். டிரைவர் மாதிரி ஒரு மனுஷன் உண்டா என்றார். தனக்கு ஆட்சேபணையே இல்லை, டீச்சர் சரியென்றால் தனக்கும் சரி என்று பந்தைத் தட்டிவிட்டு மறுபடி பிரேமைத் துடைத்தார்.

டீச்சர் வீட்டில் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரீட்சைத் தாள். வா வா என்று நாற்காலியை இழுத்துப் போட்டு டீ கொடுத்தார். அவள் சொல்லி முடிக்கும் வரை சிவப்புப் பேனாவை மூடியும் திறந்தும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"புண்ணுக்கு நல்ல டாக்டரா பார்த்தியா?" என்று கேட்டார்.

"டாக்டர் என்ன பண்ணுவார் டீச்சர். அதிர்றது நிக்கணும்."

"எனக்குப் புரியுதும்மா. ஆனா என் முட்டி நிலைமை உனக்கே தெரியும். காரை மெயின் ரோட்ல விட்டுட்டு தினம் நடக்கிறதுன்னா என்னால ஆகுமா? ஏற்கெனவே வாசல்ல இருந்த இடத்தைக் கொடுத்தாச்சு. யாருக்காகக் கொடுத்தோம்?"

"எங்களுக்காகத்தான். இல்லன்னு சொல்லலையே."

"உனக்காகத்தான் அந்த இடத்துலயே போட்டோம். அந்தப் பொண்ணு வேணாம்னு சொன்னா. நான்தான் பேசாதேன்னேன். ஏன்? நீ அழுதே."

"தெரியாம அழுதுட்டேன் டீச்சர்."

டீச்சருக்கு அது சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மறுபடி எடுத்துக்கொண்டார்.

"இங்க பாரு, இன்னிக்கு உனக்காக மாத்துவோம். நாளைக்கு இன்னொருத்தர் வந்து நிப்பார். ஒருத்தருக்காகத் தெருவையே பெயர்க்க முடியுமா? நீயே சொல்லு."

"ஒருத்தருக்கு நடந்தது தெருவுக்கே நடந்த மாதிரின்னு சொன்னீங்க."

"அது அப்ப சொன்னதும்மா" என்றார் டீச்சர். சொன்ன பிறகு அவருக்கே அது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, குரலை இறக்கிக்கொண்டார். "கோபப்படாதே. உங்க வீட்ல பின்னால ஒரு ரூம் இருக்கில்ல. அங்க அதிராதே. அவரை அங்க மாத்திட்டா யாருக்கும் கஷ்டமில்லாம முடிஞ்சுடும்."

"அங்க ஜன்னல் இல்ல டீச்சர்."

"ஒரு ஃபேன் போட்டுக்கோ. நான் வேணா வாங்கித் தர்றேன்."

டீயில் ஆடை படிந்திருந்தது. அவள் குடிக்காமலே எழுந்தாள். திரும்பி வரும் வழியில் கிடங்குச் சுவர் ஓரமாக நடந்தாள். வெள்ளைக் கட்டத்துக்குள் டீச்சருடைய சின்னக் கார் துணி போர்த்திக்கொண்டு நின்றது. அந்தத் துணியைத் தைத்துக் கொடுத்தவளும் அவள்தான். நாலு மூலைக்கும் ரப்பர் வைத்து, காற்றில் பறக்காமல்.

வேறு சிலரிடமும் பேசிப் பார்த்தாள். சும்மா யாரையும் குறை சொல்லிவிட முடியாது, உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பரிதாபப்பட்டுத்தான் அனுப்பினார்கள். தெருவே இப்போது அமைதியாகிவிட்டதே, பிள்ளைகள் வெளியில் விளையாடுகிறார்களே, எல்லாம் உன்னால்தானே என்று புகழ்ந்தார்கள். புகழ்ந்து புகழ்ந்தே வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். கூட்டத்தில் அழுத அத்தனை கண்ணையும் நோண்டி எடுத்தால் என்ன என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. டிரைவரிடம் அவள் எதையும் சொல்லவில்லை. அவரும் எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

புண் எலும்பை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது என்று நர்ஸ் சொன்ன வாரத்தில், விடாமல் மழை பெய்த ஒரு காலையில், டிப்போவிலிருந்து ஆட்களை வரச் சொன்னாள். இருட்டறைத் துணி மூட்டைகளை முன்ரூமுக்குத் தூக்கினார்கள். கட்டிலைக் கழற்றி, நடையில் திருப்ப முடியாமல் திருப்பி, உள்ளே மாட்டினார்கள். டிரைவரைப் போர்வையோடு தூக்கியபோது அவர் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. வழியில் அடுப்படியைக் கடக்கையில் மட்டும், கடைசி ஸ்டாப் வந்துடுச்சா என்று கேட்டார். தூக்கியவர்களில் ஒருத்தர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அந்த அறைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காற்றோட்டத் துளை உண்டு. பகலிலும் பல்ப் எரிய வேண்டும். லாரி போனால் எங்கோ தூரத்தில் யாரோ எதையோ கீழே வைத்த மாதிரி கேட்கும். கால் துள்ளவில்லை. புண் ஓரத்திலிருந்து மூடத் தொடங்கியது. நர்ஸ் சந்தோஷப்பட்டார். டிரைவர் பேசுவது குறைந்தது. முதலில் அவள் முன்ரூமிலிருந்து மிஷினை நிறுத்திவிட்டு, இப்போ என்ன வண்டி சொல்லுங்க என்று குரல் கொடுத்துப் பார்த்தாள். கேட்கவில்லையே என்று ஒரு முறை சொன்னார். அதற்குமேல் அவளும் கூப்பிடவில்லை.

திறப்பு விழா நாளில் மழை விட்டிருந்தது. சைக்கிள் பாதை பச்சை பெயிண்டில் பளிச்சென்று கிடந்தது. தொட்டிகளில் பூ. தெருப் பிள்ளைகளெல்லாம் சைக்கிளைத் துடைத்து பலூன் கட்டி வரிசையாக நின்றார்கள். நகராட்சித் தலைவர் வந்திருந்தார். கத்தரிக்கோல் வேண்டுமென்று தையல்காரியிடமே ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் டீச்சர், பூப்போட்ட நல்ல உடையில், வாசலில் வந்து நின்றார்.

"தலைவர் அவரைப் பத்திப் பேசப்போறார். ஜன்னல்ல அவர் இருந்தா ஒரு போட்டோ எடுத்துக்கலாம்னு சொல்றாங்க. பத்து நிமிஷம் போதும். ஆளுங்க இருக்காங்க, தூக்கிட்டு வந்துடலாமா?"

அவள் மடிப்பு அடித்துக்கொண்டிருந்த திரைச்சீலையிலிருந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உங்க காரை எடுத்துட்டு அந்தக் கட்டத்துல கட்டிலைப் போடுங்க டீச்சர். நானே தூக்கிட்டு வர்றேன்."

டீச்சர் படியிலிருந்து ஒரு எட்டு பின்னால் வைத்தார். வெளியில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார். அதற்கப்புறம் அவர் அந்த வாசலுக்கு வரவில்லை. இவளும் அந்தப் பக்கம் போகவில்லை.

கைத்தட்டல் கேட்டது. சைக்கிள் மணிகள் ஒன்றாக ஒலித்தபடி தெரு நெடுகப் போயின. ஒரு கார் தடையில் மெல்ல ஏறி, பணிவாக இறங்கிப் போயிற்று. எல்லா வண்டியும் அவள் கேட்டபடிதான் போய்க்கொண்டிருந்தது.

அவள் எழுந்து பின்னறைக்குப் போனாள். டிரைவர் விழித்துத்தான் இருந்தார்.

"சைக்கிள் மணியா அது?"

"ஆமாங்க."

"பிள்ளைங்களா?"

"பிள்ளைங்கதான். நிறையப் பேரு."

அவர் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நாளைக்கப்புறம் அவளைத் தேற்றுவதற்காகவே ஒரு வார்த்தை தேடி எடுத்தார்.

"நல்ல இடத்துலதான் போட்டிருக்கே."

அவளுக்கு வாயைத் திறந்து அழ வேண்டும்போல் இருந்தது. அழுவதற்கே பயமாகவும் இருந்தது. அவரைத் திருப்பிப் போடுகிற நேரம் ஆகியிருந்தது. ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்து, குதிகால் எதிலும் உரசாமல் பார்த்து, சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தாள்.